ஆற்றுக்கு ஊற்றிய பால்

சுங்கை சிப்புட் ஊருக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்தை ஒட்டி ஓடும் சிற்றாற்றில் மாரியம்மன் திருவிழாக் கரகம் எடுத்துப் பல வருஷமாகிவிட்டது. மேலேயிருந்த ரப்பர் ஆலை கழிவைத் திறந்துவிட, தண்ணீர் வெளுத்துப் புளித்து நாறியது. இறங்கியவர்களுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. கரகம் கோயில் குழாயடிக்கு வந்தது. கரகம் தூக்கும் ராக்காயி, குழாயைத் திருகும்போதெல்லாம் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வாள்.

பிறகு சட்டம் வந்தது. ஆலைக்காரர்கள் கழிவைத் தேக்கக் குளங்கள் வெட்டினார்கள். மாதாமாதம் ஈப்போவிலிருந்து சுற்றுச்சூழல் இலாகாவின் ஜஹாங்கீர் வந்து, பாலத்தடியில் போத்தலில் தண்ணீர் பிடித்து ஐஸ்பெட்டியில் கொண்டுபோவார். நாற்றம் மெல்லக் குறைந்தது.

“இந்த மாசமும் ரிப்போர்ட் நல்லா வந்தா எறங்கலாம்க்கா” என்று போன தடவை சொல்லியிருந்தார். கோயில் தலைவர் அப்பாவுவும் அந்த முடிவுக்குத்தான் காத்திருந்தார்.

ஜஹாங்கீர் வரும் நாள் காலையில் ராக்காயியும் பக்கத்துவீட்டு நல்லம்மாளும் வாளி வாளியாக மாட்டுப்பால் கொண்டுவந்து, பாலத்துக்குச் சற்று மேலே ஆற்றில் ஊற்றினார்கள். பிழைத்து வந்த ஆற்றை வெறுங்கையோடா வரவேற்பது?

ஊற்றி நிமிர்வதற்குள் மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. ஜஹாங்கீர் பாலத்திலிருந்து, வெளுத்து ஓடும் தண்ணீரை எட்டிப் பார்த்தார். முகம் தொங்கிப்போனது.

“மறுபடியும் தெறந்து விட்டுட்டானுங்களா! இதப் பிடிச்சுக்கிட்டு நேரா ஆலைக்குத்தான் போறேன். இன்னைக்கு விடமாட்டேன்லா.”

நல்லம்மாள் ராக்காயியின் கையைக் கிள்ளினாள். “பேசாம இரு. எத்தன வருஷம் நாறடிச்சானுங்க, படட்டும்.”

ராக்காயிக்கும் ஒரு கணம் அது இனித்தது. ஆனால் போத்தலோடு சரிவில் இறங்கும் ஜஹாங்கீரின் முகத்தைப் பார்த்தாள். வீட்டில் யாருக்கோ நோய் திரும்பிவிட்டதைப் போல இருந்தது அது.

“தம்பி, பிடிக்காதீங்க! நாங்கதான் ஊத்துனோம். மாட்டுப்பாலு.”

“எதுக்குக்கா?”

“ஆத்துக்குத்தான். ஒடம்பு தேறி வந்திருக்காளே.”

ஜஹாங்கீர் அப்படியே கல்லில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“பாலு ஆத்துக்குச் செரிக்காதுக்கா. தண்ணியில மீனுக்கு மூச்சுக் கொறஞ்சிரும். போத்தல்ல பிடிச்சிருந்தா, ஆலைக் கழிவு மாதிரியே ரிப்போர்ட் கெட்டிருக்கும்.”

“நாங்களே கெடுத்துட்டமா?” ராக்காயி வாளியைக் கீழே வைத்தாள்.

“ஓடுற தண்ணிதானே, போவட்டும். தெளியிறவரைக்கும் நான் இருக்கேன்.”

நல்லம்மாள் வீட்டுக்கு ஓடிக் கறுப்புக் கோப்பி கொண்டுவந்தாள். “‘கோப்பி ஓ’தான் தம்பி. பாலு பூரா ஆத்துல.”

வெள்ளை கலைந்து, கூழாங்கற்கள் தெரியும்வரை மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம்தான் அவர் போத்தலை முக்கினார்.

திருவிழாவுக்கு முந்திய ஞாயிறு, லீவு நாளில், மனைவி ஆமினாவைப் பின்னால் வைத்துக்கொண்டு அவர் வந்தார். “ரிப்போர்ட் பாஸ்க்கா!”

ராக்காயி கரகம் எடுக்கும் துறைக்கு நடந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்காலளவு இறங்கி நின்றாள். பிறகு கரையிலிருந்த ஆமினாவைப் பார்த்துக் கை நீட்டினாள்.

“வா தாயி, சில்லுன்னு இருக்கு.”