இன்னும் கொஞ்சம் கெட்டவளா எழுது

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். எழுதிக்கொண்டிருந்த நாவல் ஏழாம் அத்தியாயத்தில் நின்றுபோய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பேருந்தில் வரும்போது நல்ல வரிகளாகத் தோன்றும். கடையில் ஒருவருக்குப் பவர் சரிபார்த்து முடிப்பதற்குள் கரைந்துவிடும். விடுமுறை நாளில் உட்கார்ந்தால் பழையதைத் திருத்துவதிலேயே பொழுது போகும். ஆரம்பத்தில் ஆர்வமாக விசாரித்த கணவனும், அவள் முகம் வாடுவதைப் பார்த்து அந்தப் பேச்சை எடுப்பதை விட்டுவிட்டான்.

அந்தச் சமயத்தில் மாமியாருக்குக் கண்புரை எடுத்தார்கள். டிவி கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது, குனியக் கூடாது என்றார் டாக்டர். சும்மா இருந்து பழக்கமில்லாத மனுஷி. இரண்டாம் நாளே வீட்டில் எல்லோரையும் வறுத்தெடுக்க ஆரம்பித்தார். சாயங்காலம் சொட்டு மருந்து விட்டுப் படுக்கவைத்த மருமகள், செய்தித்தாளை வரி விளம்பரம் வரை வாசித்துக் காட்டினாள். வேறு ஏதாவது படி என்றார் மாமியார். கைக்கு எட்டியது நாவல்தான். யார் எழுதியது என்று சொல்லாமலே ஆரம்பித்தாள்.

"எழுதினது நீதானே? ஒவ்வொரு பக்கத்துக்கும் உச்சுக் கொட்டுற. சரி, மேல படி."

வாரம் முடிவதற்குள் கையிருப்பு தீர்ந்தது. மிச்சம் கடையில் இருக்கிறது என்று வாய் கூசாமல் சொல்லிவைத்தாள். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினாள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். யோசிக்க நேரமில்லை, திருத்த அதைவிட நேரமில்லை. வீட்டில் ஒருத்தர் காத்திருந்தார்.

ஒருநாள் மாமியார் நடுவில் நிறுத்தினார். "இந்தக் கதையில வர்ற மாமியார் எதுக்கு இவ்ளோ நல்லவங்களா இருக்காங்க? எனக்கே தூக்கம் வருது."

மருமகள் என்னவோ சொல்லி மழுப்பினாள். ஆனால் மறுநாள் பேருந்தில் போகும்போது புரிந்தது. இரண்டு வருஷம் கதை நின்றதே கதைக்குள் இருந்த அந்த மாமியார் அம்மாளால்தான். வீட்டில் யார் மனமும் நோகக் கூடாதென்று அந்த அம்மாளின் வாயைக் கட்டிவைத்திருந்தாள். அன்று கட்டை அவிழ்த்துவிட்டாள். கல்யாணமான புதிதில், உறவுக்காரர்கள் நிறைந்த கூடத்தில் தனக்குக் கிடைத்த பேச்சை அப்படியே அந்த அம்மாள் வாயில் போட்டாள்.

சாயங்காலம் அந்த இடம் நெருங்க நெருங்க வாசிப்பின் வேகம் குறைந்தது. 'பேனா பிடிக்கிற கைக்குக் கரண்டி பிடிக்கத் தெரியலையே' என்று வாசித்து நிறுத்தினாள்.

மாமியார் கண்ணைத் திறக்கவில்லை. "இது நான் சொன்னதுதானே?"

"ஆமா அத்தை."

"அன்னைக்கு நீ ஒண்ணும் பேசாம உள்ள போயிட்ட. கதையில வர்ற மருமக என்ன சொல்லப்போறா?"

"இன்னும் எழுதல."

"நறுக்குன்னு சொல்லணும். அதுக்கு முன்னாடி அந்த அம்மாவை இன்னும் கொஞ்சம் கெட்டவளா எழுது. நான் அதோட விட்டேனா என்ன?"

சொல்லிவிட்டு, மருமகளின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. பிடித்த கையை வெகுநேரம் விடவும் இல்லை.

அதன்பின் கதை பிய்த்துக்கொண்டு ஓடியது. அவர் தன் பழைய ஏச்சுகளை ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்து தந்தார். கதாநாயகியின் பதில் மந்தமாக இருந்தால் திருப்பி அனுப்பினார். கண் குணமான பிறகும் வாசிப்பு நிற்கவில்லை. மழைக்காலத்தில் நாவல் முடிந்தது. ஒரு சின்னப் பதிப்பகம் அதைப் போட்டது.

வெளியீட்டன்று மாமியார் முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். யாரும் கேட்காமலே பக்கத்து நாற்காலிக்காரரிடம், "கதையில வர்ற ராட்சசி நான்தான். எழுதினது என் மருமக" என்று அறிமுகம் செய்துகொண்டார். எழுதுவதற்கான உந்துதல் எங்கிருந்து வந்தது என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அழகான பதிலொன்றைத் தயாரித்து வந்திருந்த மருமகள் அதை மறந்துபோனாள். அப்புறம் என்ன என்று தினமும் ஒருத்தர் கேட்டார், பதில் சொல்லியாக வேண்டியிருந்தது என்றாள்.

திரும்பும்போது வாடகைக் கார் ஓட்டுநர், புத்தகக் கட்டுகளைப் பார்த்து என்ன வியாபாரம் என்று விசாரித்தார். கணவன் வாய் திறப்பதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

"நான் எழுத்தாளர்" என்றாள்.