வெள்ளிக்கிழமை வண்டி

அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி நழுவிவிட்டது. அன்பரசு குனிந்து மறுபடி முடிச்சுப் போட்டான். வலது கால் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்காமல் வெளிப்பக்கம் சாய்ந்தது. உயிரோடு இருந்தபோதும் ஆக்ஸிலரேட்டரையே தேடிய கால் அது. கோழிப்பண்ணையைப் பிள்ளையிடம் விட்டுவிட்டு, எழுபதை நெருங்கும் வயதில், பழைய அம்பாசிடருக்குள் பெரிய டீசல் எஞ்சினை ஏற்றி ஓட்டிய மனிதர் கண்ணுசாமி.

"அன்பரசு தம்பி நீங்கதானுங்களா?"

நிமிர்ந்து பார்த்தான். கையில் ஒரு மாலையோடு, அறுபது தாண்டிய அம்மாள் ஒருத்தி. பெயர் சென்னியம்மாள், ஜலகண்டாபுரம் என்றாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக் காலையில் அப்பாவின் போனுக்குக் கூப்பிட்டபோதுதான் விஷயம் தெரிந்து, பஸ் பிடித்து வந்தாளாம். ஊர்ப்பெயரைக் கேட்டதுமே அன்பரசுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. இதற்கு முன் பார்த்ததே இல்லையென்றாலும், இந்த அம்மாளை அவன் ஏமாற்றியிருந்தான். அப்பாவையும்தான்.

ஆறு வருடத்துக்கு முன்பு, சேலத்தில் பழைய வண்டிகளை உடைக்கிற இடத்தில் அப்பா அந்த எஞ்சினை வாங்கினார். லாரி மோதி நசுங்கிய கான்டசா காரில் இருந்தது. மெக்கானிக் பெரியசாமி இரண்டு நாள் மல்லுக்கட்டி, வெட்டி ஒட்டி, அதை அம்பாசிடரில் உட்கார வைத்தார். ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் நம்பரை மாற்றப் பழைய சொந்தக்காரர் வீட்டுக் கையெழுத்து வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அப்பா முதல்முறை ஜலகண்டாபுரம் போனார். வாசலில் நிறுத்தி அணைப்பதற்குள், உள்ளே தறியில் இருந்த சென்னியம்மாள், "சபரி, வந்துட்டயா?" என்று குரல் கொடுத்தாளாம். சபரிநாதன் அந்த விபத்தில் போன அவள் மகன். நின்ற இடத்தில் ஓடும்போது நடுநடுவே இரண்டு முறை கனைக்கும் எஞ்சின் அது. கேட்டவர்களுக்கு மறக்காது.

அன்றிலிருந்து வெள்ளிதோறும் நாலு மணிக்கு அப்பா அங்கே போய்விடுவார். சபரி வீட்டுக்கு வருகிற கிழமை அது. வாசலில் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டுத் திரும்புவார். அவள் வெளியே வரமாட்டாள். சீட்டில் வேறு ஆளைப் பார்க்க மனசு கேட்காது என்று அவளே சொல்லியிருந்தாள்.

இரண்டு மாதத்துக்கு முன்பு அப்பா ஆஸ்பத்திரியில் படுத்தார். இனி மகன் வருவான் என்று அவளுக்குப் போனில் சொன்னார். ஆனால் அம்மா ராசம்மாளுக்கு அந்த எஞ்சின்மேல் என்றுமே பயம். செத்தவன் வண்டிச் சாமான் வீட்டுக்குள் வந்ததால்தான் இந்தச் சீக்கு என்று அழுதாள். அன்பரசு அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, பழைய பெட்ரோல் எஞ்சினையே மாட்ட வைத்தான். அந்தச் சத்தத்தோடு ஜலகண்டாபுரம் போய் என்ன ஆகப்போகிறது? போகவில்லை. வெள்ளி சாயங்காலமானால் அப்பா கேட்பார்.

"போனயா சாமி?"

"போய்ட்டு வந்தனுங்கப்பா."

நேற்றும் வெள்ளி. மதியம் மூச்சுத் திணறலுக்கு நடுவிலும் அப்பா ஞாபகப்படுத்தினார். இதோ கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டு, கட்டிலோரமே உட்கார்ந்திருந்தான். நாலு மணிக்கு அவன் பிடித்திருந்த கை தளர்ந்தது.

மாலையைப் போட்டுவிட்டுச் சென்னியம்மாள் அவனைத் தனியே கூப்பிட்டாள். நாலு வார்த்தை திட்டினால் பாரம் குறையும் என்று போனான்.

"எட்டு வாரமும் தவறாம வந்தீங்க," என்றாள். "எறங்கி ஒரு வாய் தண்ணி குடிக்காமயே போயிட்டீங்க. அப்பாவ அந்த நெலமைல உட்டுட்டு நேத்து எப்படித்தான் வந்தீங்களோ."

"நேத்துங்களா?"

"நாலு மணிக்குத்தானுங்க. நேத்துத்தான் ரொம்ப நேரம் நின்னீங்க. பொழுது எறங்கற மட்டும்."

அடுத்த வெள்ளி வந்தால் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். வாரேனுங்க என்று மட்டும் சொன்னான்.

பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் தீவனக் கொட்டகைக்குப் போய், மூலையில் கிடந்த எஞ்சின்மேலிருந்து சாக்கை விலக்கினான். கப்பிக்கும் பெல்ட்டுக்கும் நடுவே சிலந்தி வலை கட்டியிருந்தது, ஒரு இழைகூட அறுபடாமல். ஆயில் கம்பியை உருவிப் பார்த்தான். காய்ந்து கிடந்தது. உள்ளங்கையை வைத்தான். சில்லென்றிருந்தது. சூடாக இருந்திருந்தால்கூடத் தேவலை என்று நினைத்தான்.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போதே பெரியசாமியிடம் அதை மறுபடி மாட்டச் சொல்லிவிட்டான். புதன்கிழமை எஞ்சினைச் சங்கிலியில் தூக்கி அம்பாசிடரில் இறக்கியபோது அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். திரும்பி உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை, மழித்த தலையோடு, எடப்பாடி வழியாக ஓட்டிப் போனான். நாலு மணிக்கு ஜலகண்டாபுரத்தில் சென்னியம்மாள் சொல்லியிருந்த தெருவைக் கண்டுபிடித்தான். எது வீடு என்று தெரியவில்லை. இறங்கி விசாரிக்கலாம் என்று தெருமுனையிலேயே நிறுத்தி எஞ்சினை அணைத்தான்.

சத்தம் நிற்கவில்லை.

சாவியை உருவிக் கையில் எடுத்தான். ஸ்டியரிங்கில் அதிர்வு இல்லை. சத்தம் எதிரேயிருந்து, நாலாவது வீட்டுப் பக்கமிருந்து வந்தது. சீராக ஓடிக்கொண்டிருந்தது. நடுவே இரண்டு முறை கனைத்தது. அந்த வாசலில் தெளித்த ஈரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

கதவு திறந்தது. சென்னியம்மாள் ஒரு செம்போடு வெளியே வந்தாள். தெருமுனைப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. இரண்டு எட்டு நடந்து, கார் ஜன்னல் இருக்கிற உயரத்துக்குக் குனிந்து, செம்பை நீட்டினாள். சத்தம் அடங்கியது. ஒருவர் தண்ணீர் குடித்து முடிக்கிற நேரம் வரைக்கும் அவள் அப்படியே நின்றாள்.