அதிகபட்சம் 12,47,000

1

இந்தக் கதை ராசிபுரம் பஸ்ஸில் கிடைத்தது. எனக்கு முன்சீட்டில் இருந்த பெண் போனில், "கம்ப்யூட்டர் பொய் சொல்லலீங்க, சுருக்கிச் சொல்லிருக்குதுங்க" என்றாள். அவளுக்குக் கோகிலவாணி என்று பெயர் வைத்து, நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணை ஆபீஸில் வேலையும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

2

(முதல் தொடக்கம்: 'சேவல் கூவிப் பொழுது விடிந்தது.' அடித்துவிட்டேன். முட்டைப் பண்ணையில் சேவலுக்கு என்ன வேலை.)

கோகிலவாணி மாதவாரி முட்டை எண்ணிக்கையைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, 'சம்மரி' என்று கட்டளை கொடுத்தாள். பல வருடத்து எண்களைக் குறைந்தது, நடு, சராசரி, கூடியது என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும் கட்டளை அது. போன மாதம்தான் அதிகபட்சம்: 12,47,000. முதலாளி சென்னிமலை சந்தோஷமாக லோடு கணக்கை எடுத்துப் பார்த்தார். லாரியில் போனது 12,46,590.

நானூற்றுப் பத்து முட்டை குறைகிறது. லோடு ஏற்றும் மாதேஷை வரச்சொன்னார்.*

* ஆபீஸில் இருந்தது அந்த மென்பொருளின் பழைய பதிப்பு. பெரிய எண்ணாக இருந்தால் முதல் நான்கு இலக்கத்துக்கு முழுசாக்கி, மிச்சத்துக்குப் பூஜ்யம் போட்டுவிடும்; 12,46,590 என்று ஏற்றினாலும் 12,47,000 என்றுதான் காட்டும். கோகிலவாணிக்கு இது மறுநாள்தான் தெரியவந்தது. நான் தெரிந்தேதான் எழுதினேன்.

3

மாதேஷ் சண்டை போடுவான் என்று ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். அவன் அந்த மாதிரி ஆளில்லை. மறுநாள் காலை, பக்கத்துப் பண்ணையில் கைக்காசு போட்டு வாங்கிய பதினாலு அட்டை முட்டையைக் கொண்டுவந்து இறக்கினான். அட்டைக்கு முப்பது. பத்து முட்டை கூடுதலாகவே இருந்தது.

"கொறையுதுங்கறீங்க. இந்தாங்க" என்றான்.



4

முடிவு ஒன்று: கோகிலவாணி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வேலை போய்விடும். வீட்டில் அவளுடைய அப்பா — (வேண்டாம். இது இரக்கம் சம்பாதிக்கிற வேலை.)

முடிவு இரண்டு: சொல்லிவிட்டாள்.

"தப்பு எம்மேலதானுங்க. ஒரு முட்டைகூடக் கொறையலீங்க. அந்த நம்பரு ரவுண்டு பண்ணுனதுங்க."

சென்னிமலை திரையைப் பார்த்தார். பிறகு அட்டைகளைப் பார்த்தார்.

"சரி அம்மிணி. எடுக்காதவன் எதுக்குக் கொண்டாந்து வெச்சான்?"

மூன்றாவது முடிவுக்கு உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். இவ்வளவு நேரத்தில், நீ எடுத்தாயா என்று மாதேஷிடம் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவன் ஆபீஸ் வாசலில்தான் நிற்கிறான். எனக்கு இனிமேல் கேட்க முகமில்லை. நீங்கள் கேளுங்கள்.