கண்ணடிக்காத அணில்

எங்கள் நிறுவன இயக்குநர் க்விடோவுக்குக் கணினியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதில் எனக்குப் புகார் இல்லை. தெரியாத இயக்குநர்கள் ஊரெங்கும் இருக்கிறார்கள். தெரியாததை வெல்வெட் கோட்டு போட்டுக்கொண்டு மற்றவர்களுக்கு வகுப்பெடுத்ததுதான் தாங்க முடியவில்லை.

செக் நாட்டில், பிர்னோ நகரில், எங்கள் நிறுவனம் ரோப் கார் நிலையங்களுக்கான கட்டுப்பாட்டுத் திரைகளைச் செய்கிறது. மலையுச்சியில் காற்று எவ்வளவு வேகமாக வீசுகிறது, கம்பி என்ன வேகத்தில் ஓடுகிறது என்பதையெல்லாம் அந்தத் திரை காட்டும். உள்ளே ஓடுவது லினக்ஸ். திரையில் படம் வரையும் டிரைவர் நிரலை எழுதுவது நான், பிளாஷெனா.

கணினி கிராஷ் ஆனால் திரை அணைந்துவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அணையாது. கடைசியாக வரைந்த படம் அப்படியே நிற்கும். காற்று நொடிக்கு ஆறு மீட்டர் என்று காட்டும்போது கணினி செத்தால், வெளியே புயல் அடித்தாலும் திரையில் ஆறுதான். அதனால், செத்த கையோடு அந்தப் படத்தின் மேல் ‘கணினி நின்றுவிட்டது, இந்த எண்களை நம்ப வேண்டாம்’ என்று எழுதிவிட வேண்டும். நான் அதைக் கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கட்டை எழுத்தாக எழுதியிருந்தேன்.

க்விடோ அதைப் பார்த்துவிட்டு, வாயில் புளித்த பால் பட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டார்.

“என்னம்மா இது, சாவு நோட்டீஸ் மாதிரி இருக்கு? காசு குடுத்து வாங்கறவன் இதைப் பாத்தா என்ன நினைப்பான்?”

“கிராஷ் ஆயிருச்சுன்னு நினைப்பான். அதுக்குத்தான் எழுதினேன்.”

“நெகட்டிவா பேசாத. நம்ம அணில் இருக்குல்ல? கம்பளித் தொப்பி போட்ட அணில். அது வரட்டும். கண்ணடிக்கட்டும். கீழ ‘சற்றுப் பொறுங்கள்’னு அழகா உருண்டை எழுத்துல போடு.”

எங்கள் நிறுவனச் சின்னமான அந்த அணில் அவருடைய மைத்துனர் வரைந்தது. அதைப் பற்றி வேறெதுவும் சொல்வதற்கில்லை.

நான் பொறுமையாகத்தான் விளக்கினேன். “சுருக்கி வெச்ச படத்தை எடுத்துப் பிரிக்கணும்னா புதுசா மெமரி கேக்கணும். செத்துப்போன கணினிகிட்ட மெமரி கேட்டா யார் தருவா? அதோட, திரையில வரையறதுக்கு ஒரு பூட்டு இருக்கு. ஒருத்தர் வரையும்போது இன்னொருத்தர் உள்ள வராம இருக்க. பாதி வரையும்போது கணினி செத்தா பூட்டு பூட்டினபடியே நிக்கும். திறக்கவேண்டியவன் உயிரோட இல்ல. உங்க அணில் அந்தக் கதவுக்கு வெளிய நின்னுட்டே இருக்கும்.”

“உன்னோடது மட்டும் எப்படிப் போகும்?”

“நான் அந்தப் பூட்டுகிட்டயே போகல. திரையில இப்ப எந்தப் படம் தெரியுதோ, அந்த இடத்துல நேரா எழுதறேன். எழுத்தெல்லாம் முன்னாடியே உள்ள தயாரா இருக்கு. யாருக்காகவும் காத்திருக்கல. அதுவும் முடியாமப் போச்சுன்னா, தனியா இருக்கற ஒரு சிப் திரை விளக்கையே அணைச்சிரும்.”

“விளக்கை அணைக்கிறதா!” க்விடோ சிரித்தார். அறையிலிருந்த எல்லோரையும் ஒருமுறை பார்த்து, அவர்களும் சிரிக்கிறார்களா என்று சரிபார்த்துக்கொண்டார். சிரித்தார்கள். சம்பளம் வாங்குகிறவர்கள்.

என் நிரல் எடுக்கப்பட்டது. அணில் ஏறியது. சோதனையில் அணில் அருமையாகக் கண்ணடித்தது. ஏன் அடிக்காது? திரை சும்மா இருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து வேண்டுமென்றே கணினியைக் கொன்றார்கள். அப்போது யார் கையிலும் பூட்டு இல்லை. இதையும் எழுதி அனுப்பினேன். க்விடோ ஒரு கட்டைவிரலைப் பதிலாக அனுப்பினார்.

பிப்ரவரியில் யெசெனிக் மலையில் ஒரு நிலையத்துக்குத் திரையைக் கொண்டுபோய் மாட்டினோம். அங்கே நிர்வாகி ஸ்வதாவா. ஐம்பது வயதுப் பெண்மணி, கணீர்க் குரல், எதிரே இருப்பவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கும் பழக்கம் இல்லாதவர். பழைய திரையும் கொஞ்ச நாள் பக்கத்தில் இருக்கட்டும் என்று அவர் கேட்டார். க்விடோ, “அது அவநம்பிக்கையோட அடையாளம் மேடம்” என்று சொல்லிக் கழற்ற வைத்துவிட்டார்.

மாட்டிய மறுநாள் பள்ளி விடுமுறை. கீழே வரிசை, மேலே கம்பியில் பெட்டி பெட்டியாகச் சனம். மேல்நிலையத்தின் கட்டுப்பாட்டு மேசையில் ஸ்வதாவாவே உட்கார்ந்திருந்தார். க்விடோ அவருக்குப் பின்னால் நின்று, திரையிலிருக்கும் நீல நிறம் மனதுக்கு எப்படி அமைதி தருகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

நான் ஜன்னலோரம் இருந்தேன். கண்ணாடி தடதடவென்று அதிரத் தொடங்கியது. திரும்பித் திரையைப் பார்த்தேன். காற்று: 6.2. மறுபடி பார்த்தேன். 6.2. ஒரு மாதச் சோதனையில் அந்த எண்ணோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். அது ஒரு நொடிகூட ஒரே இடத்தில் நின்றதில்லை. இப்போது ஆணி அடித்ததுபோல நின்றது.

“நிறுத்துங்க!” என்று கத்தினேன். “கணினி செத்துருச்சு! அந்த எண் பொய்!”

“பிளாஷெனா, வாடிக்கையாளர் முன்னாடி என்ன பழக்கம் இது?” என்றார் க்விடோ, என்னைப் பார்த்துப் புன்னகைத்தபடி. “கிராஷ் ஆனா அணில் வரும்ல?”

ஸ்வதாவா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார், கை நெம்புகோலுக்குப் போனது. வேகம் குறைந்தது. கடைசிக் கம்பத்தருகே ஒரு பெட்டி ஊஞ்சல்போல ஆடுவது தெரிந்தது. கீழ்நிலையத்துக்கு போன் போட்டு யாரையும் ஏற்ற வேண்டாம் என்றார். ஆட்களோடு தொங்கிக்கொண்டிருந்த பெட்டிகளை நடைவேகத்தில் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்தோம். ஒரு பெட்டியிலிருந்து இறங்கியவர் நேரே சுவரோரம் போய் வாந்தி எடுத்தார். ஒரு பெண் குழந்தையைக் கீழே விடவே மறுத்தாள். யாருக்கும் அடிபடவில்லை.

இத்தனைக்கும் நடுவே திரை பளிச்சென்று, மனதுக்கு அமைதி தரும் நீலத்தில், 6.2 என்று காட்டிக்கொண்டே இருந்தது.

கடைசி ஆள் இறங்கிய பிறகு ஸ்வதாவா நாற்காலியைத் திருப்பினார்.

“இன்ஜினியரையா, அணில் எங்க?”

க்விடோ தொண்டையைச் செருமினார். “கேபிள்ல ஏதோ கோளாறா இருக்கலாம், மேடம்.”

“கேபிள்ல அணில் மாட்டிக்கிச்சா?”

“இல்ல... சூழ்நிலை கொஞ்சம் விசேஷமானது...”

“காத்து அடிக்கிறது இங்க விசேஷமா? மலையில வேற என்ன அடிக்கும்? நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க. நான் இந்தப் பொண்ணுகிட்ட பேசணும்.”

அவர் நிஜமாகவே வெளியே போய் நின்றார், அந்தக் காற்றில், வெல்வெட் கோட்டோடு. எனக்கு இரக்கம் வரவில்லை. வர வேண்டிய நேரம்தான், வரவில்லை.

நடந்தது நான் சொன்னதுதான். திரை வேகமாக வரைந்துகொண்டிருக்கும்போது காற்றுமானிக்கான எங்கள் நிரல் கணினியைக் கொன்றிருக்கிறது. பூட்டு உள்ளே மாட்டிக்கொண்டது. அணில் வெளியே காத்து நின்றது.

மார்ச்சில் ஸ்வதாவா பிர்னோவுக்கு நேரில் வந்தார். அதற்குள் அணில் இறங்கி, என் நிரல் திரும்ப ஏறியிருந்தது. திரையில் எல்லாம் ஒரே நேரத்தில் ஓட வைத்து, கணினியைக் கொல்லச் சொன்னார். பிறகு மறுபடி. மறுபடி. ஒவ்வொரு முறையும் என் கட்டை எழுத்துகள் வந்தன. ஒரே ஒருமுறை மட்டும் எழுத்து வரவில்லை, விளக்கு அணைந்தது. “இது போதும். கண்ணுக்கு அசிங்கமா இருக்கு, ஆனா புரியுது,” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். க்விடோ அவர் தோளுக்குப் பின்னாலிருந்து, “எளிமைதான் எங்க தத்துவம்” என்றார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. இந்தத் திறமை பயிற்சியால் வருவதல்ல, பிறவியிலேயே அமைய வேண்டும்.

இலையுதிர் காலத்தில் ஊரில் நடந்த மென்பொருள் மாநாட்டில் அதைப் பற்றிப் பேசியதும் அவர்தான். ‘நேர்மையான திரை: ஒரு தலைவரின் பயணம்.’ என் நிரலின் ஒரு பக்கத்தைப் பெரிதாகக் காட்டினார், பாதியில் வெட்டி. நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். பேச்சு முடிந்ததும் பின்னாலிருந்து ஒரு தாடிக்காரர் எழுந்தார்.

“இந்த இடத்துல பூட்டு கிடைக்கலன்னா என்ன பண்றீங்க?”

க்விடோ திரையைப் பார்த்தார். தண்ணீர் குடித்தார். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, புருவத்தைத் தூக்கினார். ‘எழுந்து சொல்லேன்’ என்று அர்த்தம்.

என் கையில், இடைவேளையில் எடுத்துவந்த ஹாம் வைத்த ரொட்டித் துண்டு இருந்தது. மேலே ஊறுகாய் வெள்ளரி. ஒரு கடி கடித்து, அவரைப் பார்த்தபடியே மென்றேன்.

“அதை... எங்க குழு ஆராய்ஞ்சிட்டிருக்கு,” என்றார் க்விடோ.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது மெல்ல முன்வரிசை வரை வந்தது. நான் சிரிக்கவில்லை. வாய் நிறைய ரொட்டி இருந்தது, நன்றாகவும் இருந்தது.