பெரியம்மா காட்டிய படம்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேபிக்கு ஆகாத நாள். அன்றைக்குத்தான் பூந்தமல்லியிலிருந்து ராஜம்மா வந்து, பெண்கள் இரண்டு பேரையும் சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போவாள்.

ராஜம்மா பூ மார்க்கெட்டில் கடை போட்டிருந்தாள். பேபியின் கணவன் வேம்புலிக்கு முதல் மனைவியாக இருந்து, மஞ்சள் காமாலையில் போய்விட்ட பொன்னியம்மாவின் அக்கா அவள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. தங்கையை அடக்கம் செய்த அன்றே, மாதத்துக்கு ஒரு நாள் அவளுடைய இரண்டு பெண்களையும் தன்னோடு அனுப்ப வேண்டும் என்று வேம்புலியிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். வேம்புலி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்பவன். கொடுத்த வாக்கை மீறுகிற சாமர்த்தியமோ ஆசையோ அவனுக்குக் கிடையாது.

பேபி நூம்பல் கிராமத்துக்கு வாழ வந்தபோது மூத்தவள் சொர்ணத்துக்குப் பத்து வயது, கஸ்தூரிக்கு எட்டு. தலைக்குப் பேன் பார்த்தது, அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, சொர்ணம் வயதுக்கு வந்தபோது உளுந்தங்களி கிளறிக் கொடுத்தது எல்லாம் பேபிதான். தனக்கென்று ஒரு மகன் பிறந்த பிறகும் அவள் எதிலும் குறை வைக்கவில்லை. அந்தப் பெண்களும் அவளை எதிர்த்துப் பேசியது கிடையாது. கேட்டதற்குப் பதில் சொல்வார்கள், சொன்ன வேலையைச் செய்வார்கள். அதோடு சரி. ராஜம்மா வந்தால் மட்டும் வீட்டுக்குள் குருவிக்கூட்டம் புகுந்தது போல ஆகிவிடும்.

ஆரம்பத்தில் ராஜம்மா சாமி படங்களுக்கும் ராஜா கதைகளுக்கும்தான் அழைத்துப் போனாள். பேபி அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் எழுபத்து மூன்றாம் வருஷம் பொங்கல் கழிந்த பிறகு ராஜம்மா படத்தை மாற்றினாள். பெண்கள் வளர்ந்துவிட்டார்கள், இனிமேல் பெரியவர்கள் பார்க்கிற படமாகப் பார்க்கட்டும் என்றாள். புருஷன் பெண்டாட்டி கோர்ட்டுக்குப் போகிற கதை, குடித்தே சொத்தை அழித்தவன் கதை என்று ஒவ்வொன்றாக அவளே பார்த்துப் பொறுக்கினாள். திரும்பி வந்த இரவெல்லாம் பெண்கள் பாயில் படுத்தபடி அதைப் பற்றியே பேசுவார்கள். கோர்ட்டில் அவள் ஏன் பொய் சொன்னாள், அவன் நல்லவனா கெட்டவனா என்று வாக்குவாதம் நடக்கும். கடைசியில் யாராவது ஒருத்தி, "பெரிம்மா இன்னா சொன்னாங்க தெரியுமா" என்று ஆரம்பிப்பாள். தீர்ப்பு அங்கே முடிந்துவிடும்.

அடுப்பை மெழுகிக்கொண்டே பேபி இதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். ராஜம்மா மேல் பொறாமை என்பது அவளுக்கே தெரிந்த விஷயம். தெரியாமல் வந்து சேர்ந்தது இன்னொன்று. அந்தப் பெண்கள் மேலும் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அவளை யாரும் அப்படிக் கூட்டிப் போய், பார்த்ததைப் பற்றி அவளோடு உட்கார்ந்து பேசியதில்லை. வேம்புலி கல்யாணமான புதிதில் ஒரு சண்டைப் படத்துக்குக் கூட்டிப் போனான். பாதியில் தூங்கிவிட்டான்.

ஒரு சனிக்கிழமை பேபி தானே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தாள். ஐயப்பன்தாங்கல் பக்கம் டூரிங் கொட்டாயில் அம்மன் படம் ஓடியது. மகனைப் பக்கத்து வீட்டு முனியம்மாவிடம் விட்டுவிட்டு, முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு, பெண்களை அழைத்துப் போனாள். கஸ்தூரி மணலில் விரலால் கோலம் போட்டாள். சொர்ணம் இரண்டு முறை கொட்டாவி விட்டாள்.

"கடைசில அம்மன் வந்துருவாங்க சின்னம்மா. கிளம்பலாமா?" என்று கேட்டாள்.

பேபிக்கு அம்மன் வருவதைப் பார்க்க ஆசையாக இருந்தது. ஆனாலும் எழுந்துவிட்டாள். வழி நெடுக யாரும் முறுக்கைத் தொடவில்லை.

அதற்கடுத்த முறை ராஜம்மா வந்தபோது பையில் ஒரு நீலப் புடவை கொண்டுவந்தாள். பொன்னியம்மாவின் புடவை. சொர்ணத்தை உள்ளே அழைத்துப் போய்த் தானே கட்டிவிட்டாள், கொண்டை போட்டு மல்லிகைச் சரத்தைச் சுற்றினாள். கஸ்தூரியும் கிளம்பி நின்றாள். நீ அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லி அவளை நிறுத்திவிட்டாள் ராஜம்மா. சொர்ணம் வாசலுக்கு வந்து நின்றாள். சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த வேம்புலி நிமிர்ந்து பார்த்தான். பார்த்தவன் பார்த்தபடி நின்றான். பிறகு கையிலிருந்த எண்ணெய்த் துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பேபி அதைக் கண்டாள். இத்தனை வருஷத்தில் அவன் அந்த மாதிரி தன்னைப் பார்த்ததில்லை. செத்தவள் எழுந்து வந்து வாசலில் நிற்கிறாள், தான் கொல்லைப்புறமாக வெளியேற வேண்டியவள் என்று அவளுக்குத் தோன்றியது.

அவர்கள் போனதும் கஸ்தூரி மூலையில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள். அவளுக்கும் வயிறு எரிந்தது. அதனால் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டாள்.

"அது 'ஏ' படம் சின்னம்மா. பெரியவங்களுக்கு மட்டுந்தான். அதான் அக்காவுக்குப் புடவ கட்டி இட்டுக்கினு போறாங்க."

பேபி அதற்காகவே காத்திருந்தவள் போல வேம்புலியிடம் போய்ச் சொன்னாள். பதினாறு வயசுப் பெண்ணை வேஷம் கட்டி அந்தப் படத்துக்கு அழைத்துப் போகிறாளே, இது நல்லதா என்று கேட்டாள். ராஜம்மா யோசிக்காமல் எதையும் செய்ய மாட்டாள் என்று சொல்லிவிட்டு அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். பேபி யோசிக்காமல் செய்கிறவள் என்று அவன் சொல்லவில்லை. அவள் காதில் அதுதான் விழுந்தது.

இருட்டுகிற நேரத்தில் சொர்ணம் திரும்பினாள். முகம் வெளுத்திருந்தது. புடவையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தாள். என்ன கதை என்று பேபி கேட்டாள்.

"உனக்குப் புரியாது சின்னம்மா" என்றாள் சொர்ணம்.

அவள் எடுத்தெறிந்து சொல்லவில்லை. சோறு வெந்துவிட்டது என்பது போல, உள்ளதைச் சொன்னாள். அதுதான் பேபியால் தாங்க முடியவில்லை.

புதன்கிழமை மத்தியானம், வேம்புலியும் பெண்களும் வெளியே போயிருந்த நேரத்தில், பேபி மகனை மறுபடி முனியம்மாவிடம் விட்டாள். அத்தை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வேலப்பன்சாவடி வரை நடந்து பஸ் ஏறினாள். பூந்தமல்லி தியேட்டரில் சொர்ணம் பார்த்த அதே படம். மேட்டினிக்குப் பெண்கள் பக்கம் கூட்டமே இல்லை. தனியாகப் படம் பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. யாரோ பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடப் போகிறார்கள் என்று முதுகு கூசியது.

சித்தி கொடுமைக் கதையாக இருக்கும் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். ராஜம்மா வேறு எதற்கு ஒளித்துக் காட்டுவாள்? ஆனால் படத்தில் சித்தியே இல்லை. சொர்ணத்தின் வயதில் ஒரு பெண். டைப் கற்றுக்கொள்ளப் போகிற வழியில் ஒருவன் சிரித்துப் பேசுகிறான். நம்பிப் போகிறாள். வயிற்றில் பிள்ளையோடு நிற்கும்போது அவன் ஊரிலேயே இல்லை. அந்தப் பெண்ணின் தாய் மகளை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, கதவுக்கு வெளியே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். பேபிக்கு ஒரு வரி விடாமல் புரிந்தது.

இடைவேளையில் விளக்கு எரிந்தபோது, இரண்டு வரிசை முன்னால் ஒருத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். ராஜம்மா.

ராஜம்மா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, சோடா வேண்டுமா என்று கேட்டாள். பேபி வேண்டாமென்றாள்.

"வயசுப் பொண்ண இதுக்கு இட்டுக்கினு வந்துகீறீங்களே யக்கா, இன்னா நெனச்சிக்கினு?"

தையல் கிளாசுக்குப் போகிற வழியில் லேத்துப் பட்டறைக்காரன் ஒருவன் சொர்ணத்தின் பின்னாலேயே சைக்கிளில் வருகிறான் என்று, மெதுவாக, வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள் ராஜம்மா. சொர்ணமே போன மாதம் அவளிடம் சொன்னாளாம்.

"எனக்கு அத வாயால எடுத்துச் சொல்லத் தெரியல பேபி. மொதல்ல நான் மட்டும் வந்து பாத்தேன். அப்பால அவள இட்டுக்கினு வந்தேன். படம் முடிஞ்சி அது மூஞ்சியப் பாத்ததுலேந்து எனக்குத் தூக்கமே இல்ல. செஞ்சது தப்போன்னுதான் இன்னிக்கு மறுபடி வந்து பாத்துகினு கீறேன்."

லேத்துக்காரனைப் பற்றிப் பேபிக்குப் பயம் வந்திருக்க வேண்டும். அது பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வேறு.

"உங்களாண்ட சொல்லிக்கீறா. என்னாண்ட ஒரு வார்த்த சொல்லல" என்றாள்.

"என்னாண்ட சொன்னா நான் பஸ் ஏறிப் போயிருவேன். உன்னாண்ட சொன்னா தெனம் உன் மூஞ்சில முழிக்கணும்ல." ராஜம்மா கையிலிருந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே பேசினாள். "உனக்கு இன்னாடி கொறச்சலு? காச்சல் வந்தா உன்னத்தான் கூப்புடுதுங்க. பசிச்சா உன்னத்தான் கேக்குதுங்க. எங்கூட இருக்கிற அன்னிக்கும், சின்னம்மா தேடுவாங்க, சின்னம்மா கொயம்பு வச்சிருப்பாங்கன்னுதான் கெளம்புதுங்க. எனக்கு மாசத்துல ஒரே ஒரு படம். அதுவும் இருட்டுல."

விளக்கு அணைந்தது. ராஜம்மா தன் பழைய இடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. இந்த ராஜம்மாவும் தன்னைப் பார்த்துப் பொருமிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்பதை நம்ப முடியாமல், மீதிப் படத்தில் பாதியைப் பேபி சரியாகப் பார்க்கவில்லை.

வெளியே வந்து பஸ் நிற்கிற இடம் வரைக்கும் அவர்கள் அந்தத் தாயைப் பற்றியே வாக்குவாதம் செய்தார்கள். பூட்டி வைத்தது மானத்துக்குப் பயந்து, வேறு என்ன செய்வாள் என்றாள் ராஜம்மா. பூட்டினது சரி, உள்ளே போய் மகளோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதானே, வெளியே உட்கார்ந்து அழுவானேன் என்றாள் பேபி. ராஜம்மா அவளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் சொர்ணம் கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பேபி போய் எதிரே குந்தினாள். ராஜம்மாவைப் பார்த்ததைச் சொல்லவில்லை. லேத்துக்காரனைப் பற்றி நேராகவே கேட்டாள். சொர்ணம் திகைத்துப் போனாள். பிறகு சாம்பல் கையோடு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அது எப்போதோ முடிந்துபோன கதை என்றாள். ஒரு நாள் டீக்கடை முன்னால் நின்று, எல்லோரும் கேட்க, என் பின்னால் ஏன் வருகிறாய் என்று அவனைக் கேட்டுவிட்டாளாம். அதிலிருந்து அவன் வேறு வழியாகப் போகிறான்.

"பெரிம்மாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாது. எனக்குன்னு ஆசையா ஒரு படம் பாத்து வச்சிருந்தாங்க. சொன்னா வேணான்னுட்டா இன்னா பண்றது?"

பேபிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, தானும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டதாகச் சொன்னாள். சொர்ணம் துலக்குவதை நிறுத்தினாள். "அந்த அம்மா உள்ள போய் இருக்கலாம்ல சின்னம்மா?" என்றாள்.

பேபி ஆமாம் என்று தலையாட்டினாள். பிறகு படத்தைப் பற்றியே பேசிக்கொண்டு பாத்திரங்களை இரண்டு பேருமாகக் கழுவி முடித்தார்கள். ராஜம்மாவுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்திருப்பது பேபிக்கு இனித்தது. அதை அவள் ராஜம்மாவிடம் சொல்லப் போவதில்லை.

அடுத்த மாதம் ராஜம்மா வந்தபோது பெண்கள் இரண்டு பேரும் தாவணியில் தயாராக இருந்தார்கள். ஆனால் அவளுக்காக அல்ல. தையல் கிளாஸ் பெண்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து மேட்டினிக்குப் போகிறார்கள், நாங்களும் போகிறோம் பெரிம்மா, நீங்கள் சின்னம்மாவோடு பேசிக்கொண்டிருங்கள் என்றார்கள். தெருமுனையில் அந்தப் பெண்கள் காத்திருந்தார்கள். சொர்ணமும் கஸ்தூரியும் போய்ச் சேர்ந்ததும் அங்கே ஒரே இரைச்சல். வீட்டில் ராஜம்மாவோடு போடுகிற அதே இரைச்சல். இல்லை, அதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

ராஜம்மாவின் முகம் விழுந்ததைப் பார்த்துப் பேபிக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. தெருமுனை காலியான பிறகு அந்தச் சந்தோஷம் நிற்கவில்லை. பெண்கள் தன்னிடமும் முந்தின ராத்திரிதான் சொன்னார்கள். அனுமதி கேட்கவில்லை, சொன்னார்கள்.

சோறு போட்டு வைத்தும் ராஜம்மா பிசைந்துகொண்டே இருந்தாள்.

"இந்தப் படத்த யாரு பொறுக்கனது?"

"மேகலானு ஒரு பொண்ணாம்."

"அதுக்கு இன்னா வயசிருக்கும்? படம் எப்டி கீதுன்னு யாராச்சும் பாத்தாங்களா?"

"யாரு பாத்தா? நீயும் பாக்கல, நானும் பாக்கல" என்றாள் பேபி. பிறகு மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "கெளம்புறியா யக்கா? அடுத்த பஸ்ஸ புடிச்சிரலாம்."

ராஜம்மா கையைக் கழுவிவிட்டு அதற்குள் செருப்பை மாட்டியிருந்தாள். பஸ் வரத் தாமதமானது. கடைசி வரிசையில் உட்கார்ந்தால் பெண்கள் கண்ணில் பட மாட்டோம் என்றாள் அவள். பட்டுவிட்டால் வேறு படத்துக்கு வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றாள் பேபி.

"ஒரே கொட்டாய்ல ரெண்டு படமா ஓட்றான்?" என்று ராஜம்மா கேட்டுக்கொண்டிருக்கும்போதே தூரத்தில் பஸ் தெரிந்தது.