முப்பத்தொரு கோடு

வாய்க்காலில் கிடந்த கல்லில் மொத்தம் முப்பத்தொரு கோடுகள் இருந்தன. இசைவாணி இரண்டு முறை எண்ணினாள். பொறியாளர் செம்மொழி ஒருமுறைகூட எண்ணாமல் இருபத்தேழு என்றார். இருபத்தேழு நட்சத்திரங்கள். மைக்கில் சொன்னதால் அது இருபத்தேழாகவே ஆகிவிட்டது.

கல் வெளியே வந்து ஒன்பது நாளாகிறது. சீர்காழிக்குக் கிழக்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக எட்டிப் பார்க்கிற ஊர் அது. கூத்தன் வாய்க்காலைத் தூர்வாரிக்கொண்டிருந்த ஜேசிபியின் பல்லில் கல் சிக்கியது. ஓட்டுநர் ஜாஹித் இறங்கிப் பார்த்து, "பெரிய கல்லு, ஓரமாப் போட்டுடவா?" என்று கேட்டதுதான் தாமதம், கரையில் நின்ற பிரகதாம்பாள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். ஊரில் பாதி நிலம் அவள் பேரில் இருக்கிறது. அவள் கும்பிட்ட பிறகு அது கல்லாக இருக்க முடியாது.

அன்று சாயங்காலமே பால் ஊற்றினார்கள். மறுநாள் சித்தர் படுத்த கல் என்றார்கள். மூன்றாம் நாள் அந்தச் சித்தருக்கு ஒரு பெயரும் முந்நூறு வருஷ வயதும் வாட்ஸப்பில் ஒரு படமும் வந்துவிட்டன. கடைமடை வாய்க்கால் ஓரம் படுத்திருந்தவருக்குப் பின்னால் பனிமலை தெரிந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனால் பக்தர்களின் காலில் சேறு படக்கூடாது என்பது எல்லாருக்கும் தோன்றியது. கல்லுக்கு மேலேயும் கீழேயும் வாய்க்காலின் குறுக்கே மண் கொட்டி வரப்புப் போட்டு, நடுவில் கீற்றுக் கொட்டகை எழுப்பினார்கள். அந்த முப்பதடியைத் தூர்வார விடவில்லை. ஜாஹித் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய்விட்டான்.

பிரகதாம்பாளின் மேலத்தெருவுக்கு இதில் நஷ்டமில்லை. அவர்கள் வயல் வாய்க்காலின் தலைப்பில் இருக்கிறது, போதாததற்கு ஆழ்குழாய்க் கிணறும் இருக்கிறது. கொட்டகைக்குக் கீழே இருப்பதெல்லாம் காலனித் தெரு ஆட்கள் குத்தகைக்குச் செய்கிற நிலம். இசைவாணியின் அப்பா மருதையன் அங்கே ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், பிடித்திருந்தார். அந்தப் பக்கம் நிலத்தடித் தண்ணீர் உப்பு. வாய்க்கால்தான் கதி. கோடை மழையை நம்பி விட்ட நாற்றுக்கு இருபத்து நாலு நாள் ஆகிவிட்டது. ஒரு வாரத்துக்குள் பறித்து நடாவிட்டால் முற்றிப்போகும், பிறகு மாட்டுக்குத்தான் ஆகும். கல்லணை திறந்தாயிற்று, வெள்ளிக்கிழமை இங்கே தண்ணீர் வந்துவிடும் என்று மதகு திறந்துவிடுகிற வாய்க்கால் லஸ்கர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வந்தால் சித்தர் கொட்டகையில் முட்டிக்கொண்டு நிற்கும்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், அந்தக் கல் என்ன கல் என்று காலனித் தெருவின் முப்பது வீட்டுக்கும் தெரியும். அது அவர்கள் துவைக்கிற கல். ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு மழையில் கரை சரிந்தபோது வாய்க்காலுக்குள் புதைந்து போனது.

"எங்க மாமியா சீலையெல்லாம் சித்தரு நெஞ்சுலதான் அடிச்சிருக்கேன்" என்று இசைவாணியின் அம்மா அம்சம் சொன்னாள். "ஒரு வார்த்தை அம்மான்னு கத்தலையே மனுசன்."

"சிரிப்பா இருக்கா உனக்கு?" என்றார் மருதையன். "நிலம் அவங்களுது. பாப்பா, நீயும் கேட்டுக்க. வாயத் தொறக்கக் கூடாது."

இசைவாணியிடம் அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. கல்லூரி வாய்மொழித் தேர்வில் மேசையைப் பார்த்தே பதில் சொல்லி பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவள் அவள். கடையில் மீதிச் சில்லறை கேட்கவே கூச்சப்படுவாள். ஆனால் தினமும் காலையில் நாற்றங்காலைப் பார்த்துவிட்டு வந்தாள். இலை நுனி மஞ்சளாகத் தொடங்கியிருந்தது.

புதன்கிழமை காலை செம்மொழி காரில் வந்து இறங்கினார். ஓய்வுபெற்ற பொறியாளர். வேலையில் இருந்தவரை ஒரு பாலமும் அவர் பெயரைச் சொன்னதில்லை. ஓய்வு பெற்றபின் மரபு அறிவியல் ஆய்வாளர் ஆகிவிட்டார். தாராசுரத்துத் தேர்ச் சக்கரத்தின் முன்னால் நின்று, இது அணுவின் வரைபடம் என்று அவர் பேசிய வீடியோவை லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். அந்த லட்சம் பேரும் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் அணுவைப் படித்துப் பரீட்சை எழுதியவர்கள்தான்.

கொட்டகை நிரம்பியிருந்தது. காலனித் தெருக்காரர்கள் கரைமேல் வெயிலில் நின்றார்கள்.

"இது வெறும் கல் இல்ல. வானியல் கருவி" என்றார் செம்மொழி. "நம்ம சித்தர் நட்சத்திரத்தைப் பார்த்து இருபத்தேழு கோடு போட்டு, எப்ப தண்ணி வரும், எப்ப நடணும்னு கணக்குப் போட்டிருக்காரு. இப்ப வெள்ளைக்காரன் சாட்டிலைட் விட்டுப் பார்க்கிறான்." கைதட்டல். "யாருக்காவது சந்தேகம் இருந்தா கேளுங்க. அறிவியல்னாலே கேள்விதான்."

அது கேட்பதற்காகச் சொன்னதல்ல. இசைவாணிக்கு அது தெரியவில்லை, அல்லது அன்று தெரியாததுபோல் இருந்தது. கை தானாக உயர்ந்தது.

"அய்யா... கோடு முப்பத்தொண்ணு இருக்குங்க."

"என்னம்மா படிச்சிருக்கே?"

"பிசிக்ஸுங்க."

"அதான். எண்ணச் சொல்லிக் குடுத்திருக்கான், பார்க்கச் சொல்லிக் குடுக்கல." கொட்டகை சிரித்தது. அவர் குனிந்து கல்லைப் பார்த்தார். விரல் வைத்து ஓட்டினார். நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது. "இருபத்தேழு நட்சத்திரம். மீதி நாலு என்ன? திசைங்கம்மா, திசை!"

இந்த முறை கைதட்டல் கரைவரை வந்தது. காலனித் தெருவிலும் நாலைந்து பேர் தட்டினார்கள்.

இசைவாணிக்குக் காது சூடேறியது. அப்பா பின்னாலிருந்து துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார். அவள் கல்லையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அது எங்க தெரு துவைக்கிற கல்லுங்க. கோடெல்லாம் எங்கப்பா மண்வெட்டி தீட்டுனது. இந்த மூலை நான் ஒடச்சது, அஞ்சாவது படிக்கிறப்ப."

விபூதித் தட்டோடு பிரகதாம்பாளின் கை அப்படியே நின்றுபோனது. பால் ஊற்றியவர்கள் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள். செம்மொழியின் வாய் ஒரு நொடி திறந்தபடி இருந்தது. ஒரே ஒரு நொடிதான். இத்தனை வருஷம் வீடியோ போட்டவருக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை.

"கேட்டீங்களா!" என்று மைக்கை இறுகப் பிடித்தார். "எவ்வளவு பெரிய உண்மையை இந்தப் பொண்ணு எவ்வளவு சாதாரணமாச் சொல்லுது! அரண்மனையில இல்ல, கோபுரத்துல இல்ல. ஏழை எளிய மக்கள் கிட்டப் போய்ப் படுத்திருக்காரு சித்தர். அவங்க அழுக்கைத் தான் வாங்கிக்கிட்டு, வெள்ளையாத் திருப்பிக் குடுத்திருக்காரு!"

பிரகதாம்பாளின் கண்ணில் தண்ணீர் தளும்பியது. செம்மொழிக்குப் போர்த்தியது போக மீதி ஒரு பொன்னாடை இருந்தது. அம்சத்தைக் கூப்பிட்டு, சித்தருக்குத் தொண்டு செய்த தாய் என்று அதைப் போர்த்தினார்கள். போர்த்தியது பிரகதாம்பாள். மேலே விரல் படாமல் போர்த்துவதில் அவளுக்கு நல்ல கைப்பழக்கம்.

இசைவாணி உண்மையைச் சொன்னாள், அதையும் தின்று ஏப்பம் விட்டுவிட்டார்கள். இன்னும் எதைச் சொன்னாலும் தின்பார்கள். கல்லூரியில் ஒரு பேராசிரியர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஒரு கருத்தை உடைக்க முடியவில்லையா, சரியென்று ஒப்புக்கொண்டு அதன் கூடவே நட. அது எங்கே போய் முட்டுகிறது என்று பார்.

"அப்ப இந்தச் சாமி எங்க தெரு சாமிங்களா அய்யா?" என்றாள்.

"சந்தேகம் என்னம்மா? உங்க சாமியேதான்!"

"ஆமாமா" என்றது கொட்டகை.

"அப்ப எங்க தெருவுக்கே எடுத்துட்டுப் போயிடுறோங்க. இத்தனை வருசம் அங்கதான இருந்தாரு." அம்மாவைக் கைகாட்டினாள். "வெள்ளிக்கிழமை பொங்கல். எங்கம்மாதான் வைப்பாங்க. மேலத்தெருவுல எல்லாரும் வந்துடணும். எங்க வீட்டுலதான் சாப்பாடு."

மைக் மட்டும் கொய்ங் என்றது.

அம்சம் மகளை ஒரு பார்வை பார்த்தாள். பொன்னாடையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஆமாங்கம்மா" என்றாள் பிரகதாம்பாளிடம். "நீங்கதான் மொதப் பந்தியில ஒக்காரணும்."

"எனக்கு சுகரு" என்றாள் பிரகதாம்பாள். "வெளியில எதையும் சாப்பிடுறதில்ல."

"பொங்கல் வேணாங்கம்மா. எங்க வீட்டுல ஒரு சொம்புத் தண்ணி குடிச்சாப் போதும். சாமி குளுந்துடும்."

பிரகதாம்பாள் தட்டை யாரிடமோ கொடுத்தாள். செம்மொழி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திருப்பனந்தாளில் ஒரு படப்பிடிப்பு இருப்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. முன்வரிசையில் ஒருவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். போன் அடிக்கவே இல்லை. கால் மணி நேரத்தில் கொட்டகையில் கல்லும் கற்பூரப் புகையும்தான் மிச்சம்.

மேலத்தெருவுக்கு அன்று மத்தியானத்துக்குள் அறிவு வந்துவிட்டது. அப்படி என்ன இருக்கிறது அதில், பார்த்தால் கருங்கல்தான் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். தொல்லியல் துறை வந்து சொல்லாமல் எதையும் நம்பக்கூடாது என்றார் ஒருவர். அறிவியல் ரீதியாகப் பார்த்தால், என்று தொடங்கினார் இன்னொருவர். முந்நூறு வருஷச் சித்தரைக் கொல்ல ஒரு சொம்புத் தண்ணீர் போதுமாயிருந்தது. அதையும் யாரும் குடிக்க வேண்டியிருக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஜேசிபி திரும்பி வந்தது.

"அந்தம்மாவே போன் பண்ணாங்க" என்றான் ஜாஹித். "வாய்க்கால்ல ஒரு கல்லு கெடக்கு, தூக்கிப் போட்டுட்டு மிச்சத்தையும் வாரிடுப்பான்னாங்க. கல்லுன்னுதான் சொன்னாங்க." கண்ணைச் சிமிட்டினான். "எங்க போடட்டும்?"

"பழைய எடத்துலயே போடுங்கண்ணே" என்றாள் இசைவாணி.

அதே ஜேசிபிதான் கொட்டகையையும் பிரித்தது. அன்று பிரகதாம்பாள் வீட்டிலிருந்து மருதையனுக்கும் ஒரு செய்தி வந்தது. இந்தப் போகம் முடியட்டும், குத்தகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. அவர் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். மகளைத் திட்ட வாயெடுத்தவர், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திறக்கப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தண்ணீர் வந்தது. செத்தையும் நுரையுமாக, சந்தன நிறத்தில், முப்பதடியைத் தாண்டி வயலுக்குள் இறங்கியது. நாற்றங்காலின் வெடிப்புகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. இசைவாணி வரப்பில் உட்கார்ந்து கடைசி வெடிப்பு மூடும்வரை பார்த்தாள்.

திரும்பி வந்தபோது காலனித் தெருப் படித்துறையில் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். கல்லில் புதிதாக மஞ்சள் பூசியிருந்தது. எதிர்வீட்டு ராசம்மாள் அருகில் ஒரு செம்பருத்தியை வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது?" என்றாள் இசைவாணி.

"இருக்கட்டும்டி. தண்ணி கொண்டாந்துருக்காரே. பயலுக பிளக்ஸ் அடிக்கக் குடுத்துருக்கானுவ. நாமளும் ஒரு கொட்டகை போட்டுட்டா என்ன?"

இசைவாணிக்கு மேலத்தெருவை வெறுப்பது சுலபமாக இருந்தது.

அம்சம் இடுப்பில் துணிக் கூடையோடு வந்தாள். ராசம்மாளை விலகச் சொல்லி, செம்பருத்தியை எடுத்துத் தலையில் செருகிக்கொண்டாள்.

"கொட்டகை போட்டுட்டா துணிய ஒங்க வீட்டு டிவி மேலயா தொவைக்கிறது?"

"ஏண்டி, சாமி குத்தம் ஆயிடப் போவுது!"

"ஆவட்டும். இந்த மஞ்ச எங்க வூட்டு வெள்ள வேட்டியில ஏறுனா நீயா தொவச்சுத் தருவ?"

ஒரு வாளி தண்ணீரை ஊற்றித் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தாள். மஞ்சள் ஓடியது. முப்பத்தொரு கோடும் பளிச்சென்று தெரிந்தன. சவுக்காரக் கட்டியை அதன்மேலேயே வைத்தாள். பிறகு கூடையில் கைவிட்டு, மேலாக இருந்ததை உருவி எடுத்துத் தண்ணீரில் முக்கினாள்.

முதல் அடி அந்தப் பொன்னாடைக்கு விழுந்தது. இரண்டாவது அடிக்கே சாயம் போய்விட்டது.