ஓட்டைக் காலணாவின் சத்தம்

கோதண்டம் தரையில் ஐந்து சாமான்களை வரிசையாகப் போட்டார். ஒரு லாட ஆணி, ஒரு சோடா மூடி, துருவேறிய குண்டுச் சில்லு ஒன்று, காலியான பித்தளைத் தோட்டா, கடைசியில் நடுவே ஓட்டை போட்ட பழைய காலணா. முதல் நான்கையும் அந்தத் திடலிலேயே பொறுக்கியிருந்தார். காலணா மட்டும் வீட்டிலிருந்து வந்தது. காதுகளில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மிஷினின் வட்டத் தட்டைத் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் பிடித்து, ஒவ்வொன்றின் மேலும் இடமும் வலமுமாக வீசினார். ஒரு முறை வீசிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். மறுபடி வீசுவார். காலணாவுக்கு வந்ததும் மற்றதையெல்லாம் மறந்துவிட்டார். அதன் மேலேயே இருபது முப்பது தடவை வீசியிருப்பார்.

"இன்னா கோதண்டம், பழைய காசு வியாபாரமா?" என்றான் தசரதன். கம்பெனியின் சைட் சூப்பர்வைசர், மெட்ராஸ் பையன். ஷூவில் மண் ஒட்டினால் அன்றைய பொழுதே அவனுக்குப் போச்சு.

"சும்மா சார். காது பழவணும் இல்ல" என்றார் கோதண்டம்.

காது பழக வேண்டியதுதான். அவர் பட்டாளத்தில் சாப்பர் வேலை பார்த்தவர், எழுபத்தொன்றில் மேற்கு எல்லையில் கண்ணிவெடி எடுத்தவர். ஆனால் அந்தக் காலத்து மிஷினுக்கு ஒரே சத்தம்தான். கீழே என்ன இருந்தாலும் ஒரே கத்தல். இது வெளிநாட்டுச் சரக்கு. பிடிக்குப் பக்கத்தில் ஒரு திருகி, அதில் இரண்டு நிலை. முதல் நிலையில் வைத்தால் ஆணியும் கத்தும், குண்டும் கத்தும், காசும் கத்தும். எல்லாவற்றுக்கும் ஒரே குரல். இரண்டாவதில் வைத்தால் இரும்புக்கு வாயடைத்துப் போகும். செம்பு, பித்தளை, வெள்ளி மட்டும் கணீரென்று பேசும்.

"ரெண்டாவது நமக்கு வேணாம்" என்று முதல் நாளே தசரதன் சொல்லியிருந்தான். "வெள்ளைக்காரன் அதை பீச்சுல மோதிரம் தேடறதுக்கு வெச்சிருக்கான். குண்டு இரும்பு. ரெண்டாவதுல போட்டுட்டு நீங்க குண்டு மேலயே ஏறி நின்னாலும் மிஷின் கம்முனு கெடக்கும். புரிஞ்சுதா?"

புரிந்தது. அவருக்குப் புரிந்த அளவுக்கு அந்தப் பையனுக்கே புரிந்திருக்காது.

ஒரகடத்துக்கு மேற்கே அந்த ஆறு ஏக்கரை ஊரில் குண்டுத் திடல் என்பார்கள். யுத்தக் காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் குண்டு போட்டுப் பழகிய பொட்டல். வெடித்தது போக வெடிக்காததும் மண்ணுக்குள் கிடந்தது. ஐம்பத்தாறில் இரும்பு பொறுக்கப் போன ஒருவன் முழங்கையோடு கையைக் கொடுத்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகு ஆடுகூட அந்தப் பக்கம் மேய்ந்ததில்லை. இப்போது கம்பெனி அதை வாங்கிவிட்டது. திங்கட்கிழமை புல்டோசர் வருகிறது. அதற்குள் கயிறு கட்டி, மூன்று மூன்று அடிப் பட்டையாகத் தேடி, இரும்பு கத்திய இடத்தில் சிவப்புக் கொடி நட வேண்டும். பட்டை சுத்தமென்றால் அதன் நெடுகச் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். சுண்ணாம்புக் கோட்டின் மேல் பயமில்லாமல் நடக்கலாமென்று இந்த ஒரு வாரத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்துவிட்டது.

தெரியாதது ஒன்று உண்டு. கோதண்டத்தின் தலைச்சன் பிள்ளை அந்தத் திடலில்தான் இருந்தான்.

இந்தப் பக்கத்தில் தலைச்சன் பிள்ளை குழந்தையிலேயே தவறிவிட்டால் அழுவதற்குக்கூட நேரம் கிடையாது. வசிய மை எடுக்கிற மந்திரவாதி தோண்டிக்கொண்டு போய்விடுவான் என்ற பயம். அதனால் அப்பன் மட்டும் தனியாகத் தூக்கிப் போய், யாருக்கும் தெரியாத இடத்தில் புதைத்துவிட்டு, அடையாளமில்லாமல் மண்ணைத் தள்ளிவிட்டு வருவான். எந்த இடம் என்று பெற்றவளுக்குக்கூடச் சொல்ல மாட்டான். சொன்னால் அவள் அங்கே போய் உட்காருவாள், ஊர் பார்த்துவிடும்.

அறுபத்தொன்றில் லீவில் வந்திருந்தபோது கோதண்டமும் அதைத்தான் செய்தார். நாற்பத்தோரு நாள் பிள்ளை. மூன்று நாள் காய்ச்சல். பொழுது சாய்கிற நேரத்தில் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவருக்கு ஒரு யோசனை தோன்றியது. எவனுக்கும் கால் வைக்கத் துணிவில்லாத இடம் குண்டுத் திடல்தானே. மந்திரவாதிக்கும் உயிர்மேல் ஆசை இருக்கும். தன் புத்தியை நினைத்து அந்தத் துக்கத்திலும் அவருக்கு ஒரு நொடி பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைக்காக இன்றுவரை அவர் தன்னை மன்னிக்கவில்லை. ஆழமாகத் தோண்டப் பயம், குண்டு இடித்துவிடும். ஒரு முழம்கூடத் தோண்டவில்லை. ஊர் வழக்கப்படி கறுப்புக் கயிற்றில் ஓட்டைக் காலணா கோத்து செங்கமலம் பிள்ளையின் இடுப்பில் கட்டியிருந்தாள். அதை அவிழ்க்கக் கை வரவில்லை, அப்படியே விட்டுவிட்டார். மூன்றாவது பனைமரத்திலிருந்து பன்னிரண்டு எட்டு என்று மனதில் எழுதிக்கொண்டு வந்தார்.

அடுத்த லீவில் வந்தபோது பனைமரம் ஒன்றுகூட இல்லை. எவனோ சூளைக்கு வெட்டிக்கொண்டு போயிருந்தான். செங்கமலம் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டாள். தொலைத்துவிட்டேன் என்று பெற்றவளிடம் எந்த வாயால் சொல்வது? ஏரிக்கரை வேப்பமரத்தடி என்று கை காட்டினார். வாயில் வந்த இடம், அவ்வளவுதான். அன்றிலிருந்து வருஷா வருஷம் மாசி மாதம் அவள் அங்கே போய்ப் பால் ஊற்றுகிறாள். அவரும் பின்னாலேயே போய் நிற்பார். இரண்டு பெண்கள் பிறந்து, வளர்ந்து, மணிமங்கலத்துக்கும் தண்டலத்துக்கும் கட்டிக்கொடுத்தாயிற்று. வேப்பமரத்தடியில் அவர் கைகட்டி நின்றது மட்டும் நிற்கவில்லை.

புதன்கிழமை காலையில் அவர் அவளிடம் கேட்டார்.

"ஓட்டைக் காலணா ஒண்ணு வெச்சிருந்தியே, அது இன்னும் இருக்குதா?"

செங்கமலம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. "எதுக்கு?"

"மிஷினுக்கு."

அவள் எழுந்து போய் அஞ்சறைப்பெட்டியின் அடியிலிருந்து எடுத்து வந்தாள். பிள்ளைக்குக் கட்டியதற்கு ஜோடி. கொடுக்கும்போது அவர் முகத்தையே பார்த்தாள். "மிஷினு குண்டு தேடறதுக்குன்னு சொன்ன" என்றாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

வியாழக்கிழமை மதியம் தசரதன் ஸ்ரீபெரும்புதூருக்குச் சாப்பிடப் போன நேரத்தில் கோதண்டம் திருகியை இரண்டாவது நிலைக்குத் திருப்பினார். இரும்பின் வாயை அவரே கட்டினார். இனிமேல் காலடியில் எது கிடந்தாலும் தெரியாது. வியாழன், வெள்ளி, சனி பிள்ளையைத் தேடுவது, ஞாயிற்றுக்கிழமை அதே இடங்களை முதல் நிலையில் இன்னொரு தடவை நடந்து குண்டு பார்ப்பது என்று கணக்குப் போட்டார். ஆனால் சாயந்திரம் தசரதன் வந்து எத்தனை பட்டை முடிந்தது என்று எண்ணுவானே. அதனால் தேடி முடித்த ஒவ்வொரு பட்டைக்கும் சுண்ணாம்புக் கோடு போட்டார். குண்டு இல்லையென்று சத்தியம் செய்கிற கோடு. முதல் கோட்டைப் போட்டபோது பட்டாளத்தில் தன்னை நம்பிப் பின்னால் நடந்தவர்களின் பூட்ஸ் சத்தம் காதில் விழுந்தது. ஹெட்போனை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

பித்தளைத் தோட்டாக்கள் அவரைப் பாடாய்ப் படுத்தின. கூப்பிட்ட இடமெல்லாம் தோட்டா. வெள்ளிக்கிழமைக்குள் அதற்கொரு வழி கண்டார். தோட்டா நீளம், அதனால் இந்தப் பக்கம் வீசினால் ஒரு சத்தம், திரும்பி நின்று குறுக்கே வீசினால் வேறு சத்தம். காலணா வட்டம். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அதற்கு ஒரே குரல். சின்னதாக, உருண்டையாக, கூப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிற குரல். வீட்டில் சாப்பிடும்போதும் அது அவர் காதில் கேட்டது. செங்கமலம் சோறு போட்டபடி ஏதோ சொல்லுவாள், அவர் வேறு எதற்கோ தலையாட்டுவார்.

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். தசரதன் சாயந்திரம்தான் வருவான். திடலின் நடுவில், காரைப்புதருக்குப் பக்கத்தில் அது கேட்டது. நின்றார். திரும்பிக் குறுக்கே வீசினார். அதே குரல். எதிர்ப்பக்கம் போய் நின்று வீசினார். அதே குரல். முட்டி போட்டு, பட்டாளத்துப் பழக்கப்படி கத்தியைச் சாய்வாகச் செருகிச் செருகி மண்ணைத் தளர்த்தி, விரலால் ஒதுக்கினார். பச்சை பூத்த காலணா. ஓட்டையில் கறுப்பாக நூல் மாதிரி எதுவோ ஒட்டியிருந்தது. பக்கத்தில் தீக்குச்சி கனத்தில் வெளுப்பாக ஒன்று. கோதண்டம் அதற்குமேல் தோண்டவில்லை. மண்ணைத் திரும்ப மூடி, மேலே உள்ளங்கையை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். இருபத்து மூன்று வருஷத்துப் பொய் தீர்ந்தது என்று அழுதார். திங்கட்கிழமைக்குள் எடுத்துப்போய் அந்த வேப்பமரத்தடியிலேயே வைத்துவிட்டால் சொன்னது உண்மையாகிவிடும் என்றும் அந்த அழுகைக்குள்ளேயே ஒரு கணக்கு ஓடியது.

காரைமுள் ஒன்றை ஒடித்து அந்த இடத்தில் செருகிவிட்டு எழுந்தார். பழக்கத்தில் கை தட்டை வீசியது. நாலு எட்டு தள்ளி அதே குரல் கேட்டது.

தோட்டா என்று நினைத்தார். குறுக்கே வீசினார். தோட்டா இல்லை. இன்னும் ஆறு எட்டில் இன்னொன்று. புதருக்கு அந்தப் பக்கம் இரண்டு, கிட்டக்கிட்ட. முள் ஒடிப்பதும் செருகுவதுமாக அரை மணி நேரம் சுற்றினார். நின்று எண்ணியபோது பதினோரு முள் இருந்தது.

எவனும் கால் வைக்காத இடம் என்று யோசித்தவர் அவர் ஒருவர்தான் என்று நினைத்திருந்தாரே. ஊரில் ஒவ்வோர் அப்பனும் தோளில் துணிச்சுருளோடு தனியாக நடந்தபோது அதே யோசனைதான் வந்திருக்கிறது. ஒவ்வொருத்தனும் தன் புத்தி தனக்கு மட்டும்தான் என்று திரும்பி வந்திருக்கிறான். நாகப்பன் ஒரு மழைக்காலம் முழுக்க யாரோடும் பேசாமல் கிடந்தது ஞாபகம் வந்தது. இரண்டாவதாவது தங்கட்டும் என்று பிள்ளைக்கு மண்ணாங்கட்டி எனப் பெயர் வைத்த வீடு ஞாபகம் வந்தது. அவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எத்தனை டீ குடித்திருப்பார். முதல் முள்ளைப் பார்த்தார். அது யாருடைய பிள்ளை? எதன்மேல் கை வைத்து அழுதோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"இன்னாயா அது, முள்ளு முள்ளா?"

செங்கமலம் கூழ்த் தூக்கோடு பின்னால் நின்றாள். அவர் போட்ட சுண்ணாம்புக் கோட்டிலேயே நடந்து வந்திருக்கிறாள். கோட்டில் பதிந்த அவள் கால் தடங்களை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏதாவது ஒரு முள்ளைக் காட்டி இதுதான் உன் பிள்ளை என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தார். வாய் திறந்தும்விட்டார். ஆனால் அவள் மடியில் ஈரம் காயாத பால் சொம்பு இருந்தது. வேப்பமரத்தடிக்குப் போய்விட்டு வருகிறாள். மாசி என்பதையே அவர் மறந்திருந்தார்.

"அவன் அங்க இல்ல செங்கமலம்" என்றார். "இங்கதான் கீறான். எதுன்னு தெரியல. தொலைச்சிட்டேன்."

அவள் தூக்கைக் கீழே வைத்தாள். அவர் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் வைத்துக்கொண்டு, "வெச்சுக் காமி" என்றாள். அவர் முதல் முள்ளின் மேல் தட்டை வீசினார். அவள் உதடு அசைந்தது. அடுத்ததற்கு நகர்ந்தார், அடுத்ததற்கு. ஐந்தாவதில் அவளே பிடியை வாங்கிக்கொண்டாள். பதினொன்றும் முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"எல்லாம் ஒரே மாதிரி கூப்புடுதுங்க" என்றாள். பிறகு, "மத்ததுங்கள பெத்தவளுங்களுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. எவனும் சொல்லியிருக்க மாட்டான்."

"அவளுங்களுக்கு எந்த மரத்தக் காமிச்சானுங்களோ" என்று சொல்லிவிட்டு அவள் ஊரைப் பார்க்க நடந்தாள். இருடி, நான் வழி பார்த்துக் கொடுக்கிறேன், என் பின்னாலேயே வா என்று அவர் கத்தினார். அவள் கோட்டிலேயே நடந்து, கயிற்றைத் தாண்டி, ரோட்டில் ஏறிப் போய்விட்டாள். அவள் ரோட்டில் கால் வைக்கும்வரை கோதண்டம் மூச்சு விடவில்லை.

அரை மணிகூட ஆகவில்லை. ரோட்டோரம் புடவைகள் தெரிந்தன. செங்கமலத்தோடு நாகப்பன் பெண்டாட்டி பாப்பம்மாள், தாயாரம்மாள், சந்திரம்மாள், நடக்க முடியாமல் மருமகள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவி. எட்டு ஒன்பது பேர். சற்றுத் தள்ளி, நெருங்கவும் மனமில்லாமல் போகவும் மனமில்லாமல் நாகப்பனும் இன்னும் சில ஆண்களும் நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பெண்கள் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். பயப்படாமல் வந்தார்கள். சுண்ணாம்புக் கோடு வெள்ளைவெளேரென்று திடலின் நடுவரைக்கும் நேராக ஓடியது.

"அங்கயே நில்லுங்க" என்றார் கோதண்டம். அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மறுபடி கத்தினார். "அந்தக் கோட்ட நம்பாதீங்க. நான் பாக்கல. பாக்காமயே போட்டேன். கீழ குண்டு கீது."

பெண்கள் நின்றார்கள். பாப்பம்மாளின் தூக்கிய கால் தூக்கியபடியே இருந்தது, எங்கே வைப்பதென்று தெரியாமல்.

"திரும்பிப் போங்க. நாளைக்கு நான் சுத்தம் பண்ணிட்டு..."

"நாளைக்கு வேணாம்" என்றாள் பாப்பம்மாள், நாகப்பன் நின்ற பக்கம் கை காட்டி. "இருவது வருசமா நாளைக்கு நாளைக்குன்னுதான் சொல்லிக்கினு கீறான் அந்த ஆளு. இப்ப வந்து இட்டுக்கினு போ."

கோதண்டம் திருகியை முதல் நிலைக்குத் திருப்பினார். திருப்பிய உடனே மிஷின் அலறியது. ஆணி, சில்லு, தகடு, தெரியாத எது எதுவோ, மூன்று நாளாய் அவர் வாயைக் கட்டிவைத்த இரும்பெல்லாம் சேர்ந்து ஒரே குரலில் கத்தியது. அவர் போட்ட கோட்டின் நடுவிலேயே, ஒரு எட்டு முன்னால், செங்கமலம் காலையில் இருந்து இரண்டு தடவை மிதித்துப் போன இடத்தில், அது மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகக் கத்தியது. அவர் அங்கே ஒரு சிவப்புக் கொடியை நட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார். ஒரு எட்டுக்கு ஒரு தடவை வீசி, கத்தாத இடமாகப் பார்த்துக் கால் வைத்து, கோட்டை விட்டு விலகி, கோணல்மாணலாக அவர்களிடம் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை ஒருத்தியும் அசையவில்லை.

"என் கால் பட்ட எடத்துல மட்டும் வெய்யுங்க" என்றார்.

அவர் முன்னால் திரும்பி நடந்தார். மண்ணில் அவர் பாதம் விழுந்த குழியில் செங்கமலம் பாதத்தை வைத்தாள். அவள் எடுத்ததும் பாப்பம்மாள் வைத்தாள். அதற்குப் பின்னால் தாயாரம்மாள். காதில் இரும்பின் அலறல் மட்டுமே இருந்தது, முட்கள் நட்ட இடம் நெருங்க நெருங்கக் காலணாக்களும் அதே குரலில்தான் கத்தும், இதில் எது குண்டு எது குழந்தை என்று இனி அவர் காதால் பிரிக்க முடியாது. ரோட்டோரம் நாகப்பன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கயிற்றுக்குள் குனிந்து, வரிசையின் கடைசிப் பெண் விட்டுப்போன அடியைத் தேடிக்கொண்டிருந்தார்.